கெட்டிலில் தெரிந்த அம்மா

நான் செத்து ஏழு வருடம் ஆகிவிட்டது என்ற தகவல் முப்பத்தெட்டு மாணவர்கள், ஒரு தலைமையாசிரியை, மேலிடத்திலிருந்து வந்த இரண்டு அதிகாரிகள் முன்னிலையில்தான் எனக்குத் தெரியவந்தது. சொன்னவள் என் மகள். வாயால் சொல்லவில்லை, சுவரளவு திரையில் எழுத்தில் இருந்தது. அந்த எழுத்து எல்லாருக்கும் தெளிவாகத் தெரிய வேண்டுமென்று புரொஜெக்டரைக் காலையிலேயே வந்து சரிசெய்து வைத்தவள் நான்தான்.

பள்ளிக்கூடத்தில் நான் கம்ப்யூட்டர் மிஸ். பதினாறு வருட சர்வீஸ். என் லேபில் செருப்போடு யாரும் நுழைய முடியாது, கீபோர்டில் ஒரு துணுக்கு பிஸ்கட் தூள் இருக்காது. சுவரில் இணையத்தில் நடந்துகொள்வதற்கான பத்து விதிகளை என் கையாலேயே எழுதி மாட்டியிருக்கிறேன். எனக்கு எதையும் நம்பர் போட்டுச் சொன்னால்தான் திருப்தி. லிஃப்ட் மெக்கானிக்கான என் வீட்டுக்காரர், "உங்கம்மா சண்டை போட்டாக்கூட ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போட்டுத்தான் போடுவா" என்று மகளிடம் சொல்லிச் சிரிப்பார்.

மகளும் அதே பள்ளிக்கூடம், பத்தாம் வகுப்பு. முதல் வகுப்பில் சேர்த்த அன்றே அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், ஸ்கூலுக்குள் நான் மிஸ், வீட்டில்தான் அம்மா என்று. ஆரம்பத்தில் குழந்தை குழம்பிப் போய், வீட்டில் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து "மிஸ், பசிக்குது மிஸ்" என்று நிற்கும். அவள் அப்பா விழுந்து விழுந்து சிரிப்பார். நானும்தான் சிரித்தேன். அதைக்கூட என் இணையப் பக்கத்தில் போட்டேன், நூற்றுப்பத்து லைக்.

என் பக்கத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அவள் பிறந்த மூன்றாம் நாளே அவளுக்கென்று அதில் ஒரு ஆல்பம் திறந்தவள் நான். முதல் பல், முதல் அடி, முதல் ரேங்க் கார்டு, அம்மை போட்டிருந்தபோது முகமெல்லாம் பொட்டுப் பொட்டாக உட்கார்ந்திருந்தது வரை ஊருக்கே தெரியும். அவளுக்கு எட்டு வயதில் பள்ளி ஆண்டு விழாவில் மேடையேறி நாலு வரி சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது வரியில் மறந்துவிட்டாள். மைக்கைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள். நான் முன்வரிசையில் உட்கார்ந்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் உதடு கோணி, அழுகை வெடித்து, நின்ற இடத்திலேயே கவுன் நனைந்துவிட்டது. மேடைக்கு ஓடிப் போய்த் தூக்கியது வேறு யாரோ ஒரு டீச்சர். நான் வீடியோ எடுத்து முடித்துவிட்டுப் போனேன்.

வீட்டுக்கு வந்ததும் "என் செல்லத்துக்கு மேடை பயம்" என்று எழுதி, பக்கத்தில் சிரிக்கும் மூஞ்சிகளை வரிசையாக வைத்துப் போட்டேன். ஒரே வாரத்தில் மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கெங்கோ இருந்தெல்லாம் முகம் தெரியாத ஆட்கள் அதை எடுத்துப் பாட்டுப் போட்டு ஓட்டினார்கள். பள்ளியில் அவளுக்கு 'வாட்டர் டேங்க்' என்று பேர் விழுந்தது. எடுத்துடும்மா, எடுத்துடும்மா என்று ஒரு மாதம் அழுதாள். எடுத்தேன். எடுத்தால் மட்டும் போய்விடுமா? போட்டது போட்டதுதான், அழித்தாலும் அழியாது என்று என் சுவரில் இரண்டாம் விதியாகவே எழுதியிருக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம்.

அதற்குப் பிறகு பெண் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். குறைந்து குறைந்து, பதினைந்து வயதில் என்னிடம் மூன்றே சொல் மிச்சமிருந்தது: 'ம்', 'இல்ல', 'தெரியல'. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பாள். அந்த வயசு அப்படித்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கும் அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

மாடி அறையைக் கண்டுபிடித்தது அப்போதுதான். வகுப்புக்கு உதாரணம் தேடி மேய்ந்துகொண்டிருந்தபோது கண்ணில் பட்ட பக்கம் அது. பேரே 'மாடி அறை'தான். எழுதுகிறவளுக்கு வயது இருபத்திரண்டு; ஒரு மாடி அறையில் தனியாகக் குடியிருக்கிறாள்; பேக்கரியில் பில் போடுகிற வேலை; எட்டு வயதில் அம்மா இறந்துவிட்டாள். முகம் ஒரு படத்தில்கூட இல்லை. ஜன்னல், குடை, கால் விரல், டீ கோப்பை, இவ்வளவுதான். ஒவ்வொரு படத்துக்கும் கீழே நாலைந்து வரி. "கடைசியாக மிஞ்சுகிற பன் எப்போதும் கொஞ்சம் நசுங்கித்தான் இருக்கும். அதையே கேட்டு வாங்கிப் போகிறவர்களை எனக்குப் பிடிக்கும்" என்று ஒருநாள் எழுதியிருந்தாள். இன்னொரு நாள், "வீட்டுக்காரர் வாடகையை ஏற்றப் போகிறாராம். கூடவே ஜன்னலையும் கொஞ்சம் பெரிதாக்கித் தரச் சொல்லியிருக்கிறேன்."

ஒன்பதாயிரம் பேர் அவளைத் தொடர்ந்தார்கள். அத்தனை பேருக்கும் அவள் அக்கா. காதல் தோல்வி, ஃபெயில் மார்க், புருஷன் அடிக்கிறான், நாய்க்குட்டி செத்துவிட்டது என்று வந்து கொட்டுவார்கள். ஒருவரை விடாமல் பதில் எழுதுவாள். உபதேசமே கிடையாது, கேலியும் கரிசனமுமாக இரண்டு வரி. எனக்கு வயது நாற்பத்தி நாலு, நானே அவளை அக்கா என்றுதான் மனதுக்குள் கூப்பிட்டேன். இப்படி ஒரு பெண்ணைப் பெற்ற மகராசி பார்க்கக் கொடுத்துவைக்காமல் போய்ச் சேர்ந்துவிட்டாளே என்று அந்த அம்மாவுக்காக ஒருநாள் கண் கலங்கியும் இருக்கிறேன். சிரிக்காதீர்கள். சிரிக்க வேண்டிய இடம் இன்னும் வரவில்லை.

வகுப்பில் செய்து காட்டுவதற்காக 'தோட்டக்காரி' என்ற பேரில் ஒரு போலிக் கணக்கு வைத்திருந்தேன். ஒரு ரோஜாப் படம், ஐம்பத்தைந்து வயது, பெரிய தோட்டம். வீட்டில் என்னிடம் இருப்பது பாதி காய்ந்த ஒரே ஒரு தொட்டி. அந்தக் கணக்கிலிருந்து அக்காவுக்கு எழுதினேன். "வணக்கம். 1) எனக்கு ஒரு மகள், வயது 15. 2) என்னிடம் பேசுவதே இல்லை. 3) நான் என்ன செய்ய வேண்டும்? நன்றி."

பதில் உடனே வரவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் அன்றன்றே எழுதுகிறவள் எனக்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டாள். "தோட்டக்கார அம்மா, செடிகளிடம் மார்க் கேட்பீர்களா? போனை வேறு அறையில் வைத்துவிட்டு அவள் பக்கத்தில் பத்து நிமிஷம் உட்காருங்கள். எதுவும் கேட்காதீர்கள்" என்று எழுதியிருந்தாள்.

உட்கார்ந்தேன். முதல் நாள் மகள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள், கடன் கேட்க வந்தவளைப் பார்ப்பது போல. எழுந்து போகவில்லை. தினமும் சாயந்திரம் பத்து நிமிஷம், வாயைக் கட்டிப் போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தேன். எனக்கா அது சுலபம்? நாக்கு நமநமவென்று அரிக்கும். மூன்றாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதோ புத்தகம் படித்துக்கொண்டிருந்தவள், தன்பாட்டுக்குக் காலை நீட்டி என் மடிமேல் போட்டாள். ஒரு மணி நேரம் நான் அசையவில்லை. என் கால் மரத்து, இடுப்பு வரைக்கும் எறும்பு ஊர்ந்தது. அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்கே அக்காவுக்கு எழுதினேன், "மடிமேல் கால் போட்டாள்" என்று. வேறு எதுவும் எழுதவில்லை. "கால் மரத்துப் போயிருக்குமே, பாவம்" என்று பதில் வந்தது. என்ன மாதிரியான பெண், சொல்லாததெல்லாம்கூடப் புரிகிறதே என்று வியந்தேன். பதினாறு வருடமாகப் படத்தையும் எழுத்தையும் சந்தேகப்படச் சொல்லிக்கொடுக்கிறவள் வியந்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

நாலு மாதம் இப்படிப் போனது. வாரம் இரண்டு தடவையாவது எழுதுவேன். வீட்டுக்காரரிடமும் சொல்லாததெல்லாம் எழுதியிருக்கிறேன். அந்த மேடை வீடியோவைப் பற்றியும் எழுதினேன். தப்புப் பண்ணிட்டேன், அவகிட்ட மன்னிப்புக் கேட்க வாய் வரலை என்று எழுதினேன். அதற்கு அவள், "என்றைக்காவது நேரில் சொல்லுங்கள், அவள் காத்துக்கொண்டிருக்கலாம்" என்று மட்டும் பதில் போட்டாள். சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அக்காவிடம் சொன்னதே பாதி பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

அதோடு விட்டிருந்தால் நான் ஏன் இதை எழுதப் போகிறேன்? எனக்கு அவள் குரலைக் கேட்க வேண்டும் போல இருந்தது. ஒரே ஒரு தடவை போனில் பேசலாமா என்று கேட்டேன். வேண்டாமே என்றாள். மறுபடி கேட்டேன். எழுதினால்தான் எனக்குப் பேச வரும் என்றாள். மூன்றாவது தடவை கேட்டதற்குப் பதிலே இல்லை. அங்கேதான் எனக்குள் இருந்த கம்ப்யூட்டர் மிஸ் விழித்துக்கொண்டாள். சுவரில் நாலாவது விதி: குரலையும் முகத்தையும் மறைப்பவர் வேறு எதையோ மறைக்கிறார். ஐயோ, யாரிடம் போய் வீட்டு விஷயத்தையெல்லாம் கொட்டினேன்? இது ஏதாவது மீசைக்காரத் தடியனாக இருந்தால்? என் மகளைப் பற்றி எவ்வளவு எழுதியிருக்கிறேன்? பயம் வந்தது, வெட்கம் வந்தது, அப்புறம் கோபம் வந்தது. ஏமாந்த டீச்சருக்கு வருகிற கோபத்துக்கு ஈடே கிடையாது.

அந்த வாரம் பார்த்துத்தான் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, மேலிடத்திலிருந்து இரண்டு பேர் மாதிரி வகுப்பு பார்க்க வருகிறார்கள், இணையத்தில் பொய்யைக் கண்டுபிடிப்பது எப்படி என்று ஒரு பாடம் நடத்துங்கள் என்றார். எனக்கு எந்தப் பக்கம் ஞாபகம் வந்திருக்கும் என்று சொல்ல வேண்டுமா?

வகுப்பு பத்தாம் வகுப்பு, என் மகள் மூன்றாம் வரிசை. கடைசி பெஞ்சில் அதிகாரிகள், பக்கத்தில் தலைமையாசிரியை. திரையில் மாடி அறை. பேரின்மேல் ஒரு கறுப்புப் பட்டையை ஒட்டியிருந்தேன். அதிலிருந்த ஒரு வரியைத் தேடிப் பார்த்து இரண்டே நிமிஷத்தில் பசங்கள் பேரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பரவாயில்லை, கெட்டிக்காரர்கள் என்று அதிகாரிகள் காதில் விழும்படி பாராட்டினேன். பிறகு வகுப்பைப் பிரித்தேன். ஒரு குழு பதிவுகளின் நேரத்தைப் பார்க்க வேண்டும், ஒரு குழு படங்களை, ஒரு குழு அவள் சொல்லும் வாழ்க்கைக் கதையை. இந்த ஆள் உண்மையில் யார்? நாற்பது நிமிஷம்.

மகள் கையைத் தூக்கினாள். வகுப்பில் அவள் கையைத் தூக்கி நான் பார்த்தே வருடக்கணக்காகிறது.

"மிஸ், வேற பக்கம் எடுத்துக்கலாமே."

ஏன் என்றேன். தெரியல என்றாள். காரணம் இல்லாமல் பேசாதே, உட்காரு என்றேன். மற்ற பிள்ளைகளைவிட அவளிடம்தான் கறாராக இருப்பேன், பாரபட்சம் பார்க்கிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது பாருங்கள்.

வேலை மளமளவென்று நடந்தது. பேக்கரியில் வேலை பார்க்கிறவள் காலை எட்டு மணியிலிருந்து மதியம் இரண்டு வரை பொதுவாக எதையும் பதிவிடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலையிலேயே பதிவு இருக்கிறது. ஞாயிறுதானே பேக்கரியில் கூட்டம் என்று ஒருவன் கேட்டான். முன்வரிசையில் தடிக் கண்ணாடி போட்ட ஒருத்தி உண்டு, என் சிஷ்யைகளிலேயே புலி. அவள் எழுந்து ஒரு பட்டியலை வாசித்தாள். அரைப்பரீட்சை நடந்த இரண்டு வாரமும் பக்கம் காலி. தண்ணீர்க் குழாய் உடைந்து நம் பள்ளிக்கு மட்டும் லீவு விட்ட செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு ஒரு பதிவு.

"மிஸ், இவங்க பேக்கரியில இல்ல. நம்ம ஸ்கூல்லதான் படிக்கிறாங்க."

வகுப்பே கை தட்டியது. அதிகாரிகளில் ஒருவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று, யாருக்கும் கெடுதல் செய்யாமல் ஒரு மூலையில் ஒளிந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்த நிமிஷமே, எந்த டீச்சருக்கும் புரொஜெக்டரை அணைக்கத் தோன்றும். எனக்கோ மீசைக்காரன் இல்லை என்ற நிம்மதி ஒரு பக்கம், கைதட்டல் ஒரு பக்கம். சபாஷ், மேலே போ என்றேன்.

"மிஸ், நான் வெளிய போய்ட்டு வரட்டா?" மகள்தான் கேட்டாள். முகம் வெளுத்திருந்தது.

"பீரியட் முடியட்டும்" என்றேன்.

படக் குழு ஒரு கெட்டிலின் படத்தை எடுத்துத் திரையில் போட்டது. பளபளவென்ற எவர்சில்வர் மின்சாரக் கெட்டில், கைப்பிடியில் சின்னதாக உருகின தழும்பு. நான் அந்தப் பக்கத்துக்கு வருவதற்கு முன்னால் போட்ட படம், எங்கேயோ பார்த்த கெட்டில் மாதிரி இருக்கிறதே என்று மட்டும் நினைத்தேன். கீழே எழுத்து: "அம்மா போய் இன்றோடு ஏழு வருடம். அவள் ஞாபகமாக என்னிடம் இருப்பது இந்தக் கெட்டில் ஒன்றுதான்." எட்டு வயதில் அம்மா போய் ஏழு வருடம் என்றால் வயது பதினைந்துதானே, இருபத்திரண்டு எங்கிருந்து வந்தது என்று கதைக் குழு கணக்குப் போட்டது. படத்தில் பளபளப்பான பொருள் இருந்தால் அதில் எதிரே இருப்பது தெரியும், பெரிதாக்கிப் பாருங்கள் என்று சொல்லிக்கொடுத்தது யார்? நான்தான். ஆறாம் பாடம். கண்ணாடிக்காரி பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள்.

கெட்டிலின் வயிற்றில், கொஞ்சம் வளைந்து, ஒரு சமையலறை தெரிந்தது. அதில் தலையில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு, கையில் கரண்டியை ஓங்கி, வாயைத் திறந்து யாரையோ திட்டிக்கொண்டு நான் நின்றேன்.

பின்வரிசையிலிருந்து ஒருவன் "ஐயையோ, மிஸ்ஸு" என்றான். முப்பத்தெட்டு தலையும் திரையைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, மூன்றாம் வரிசைக்குத் திரும்பியது. அவள் மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தாளே, அதே பார்வை. என்னைத்தான் பார்த்தாள். ரிமோட் என் கையில் இருந்தது.

இதுவரை நடந்ததற்கெல்லாம் எனக்குத் தெரியாது என்று ஒரு சாக்கு இருக்கிறது. இனி வருவதற்கு இல்லை.

மூன்றாம் வரிசையில் இருப்பது என் மகள் என்று தலைமையாசிரியை காதில் சொன்னதும், குறிப்பேட்டு அதிகாரி எழுந்து முன்னால் வந்தார். மனுஷன் முகமெல்லாம் பல். சொந்த வீட்டையே பாடமாக்கியிருக்கிறீர்கள், மகளையும் சேர்த்துக்கொண்டு ஒரு பக்கத்தையே தயார் செய்து, கடைசியில் உடைத்துக் காட்டினீர்கள், இப்படி ஒரு மாதிரி வகுப்பை நான் பார்த்ததே இல்லை என்றார். பிறகு, எல்லாம் திட்டம் போட்டுத்தானே மேடம் என்று கேட்டார். தலைமையாசிரியை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை சார், எனக்குத் தெரியாது, என் பெண் இப்படி எழுதுவாள் என்றே தெரியாது, எனக்குத் தெரியாத பெண்ணாக அவள் என் வீட்டிலேயே இருந்திருக்கிறாள் என்று சொல்லியிருக்க வேண்டும். இணையத்தில் பிள்ளைகளை எப்படிக் கவனிப்பது என்று ஊருக்கே வகுப்பெடுக்கிற கம்ப்யூட்டர் மிஸ் அதை எப்படிச் சொல்வாள்?

"ஆமா சார். தெரிஞ்சுதான் எடுத்தேன்."

என் குரல் நடுங்கக்கூட இல்லை. மணி அடித்தது. மகள் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள், இந்தத் தடவை யாரிடமும் கேட்கவில்லை.

மதியத்துக்குள் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. 'வாட்டர் டேங்க்' போய் 'கெட்டில்' வந்தது. சாயந்திரத்துக்குள் கெட்டில் படத்தை வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, செத்த அம்மா இதோ என்று எழுதி மாடி அறையின் கீழேயே யாரோ ஒட்டிவிட்டார்கள். நான் சொல்லிக்கொடுத்தபடி ஆதாரத்தோடு, தேதி நேரத்தோடு. அக்கா அக்கா என்று உருகின வாயெல்லாம் பொய்க்காரி என்றது. பெற்ற தாயைக் கொன்றவள் என்றார்கள். நாய்க்குட்டி செத்துப்போன பையன் "நீங்க என் டாமிக்காக அழுததும் பொய்யா?" என்று கேட்டிருந்தான். அந்தக் கேள்விக்கு மட்டும் அவள் பதில் போட்டிருந்தாள், "இல்லடா, அது நிஜம்" என்று. பிறகு பக்கமே இல்லை. மூன்று வருட எழுத்து ஒரு பொத்தானில் போய்விட்டது.

நான் வீட்டுக்கு வரும்போது சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, கருவிப் பையைக்கூட இறக்கி வைக்காமல் வாசற்படியிலேயே நின்றார். யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். கத்துவாள், எதையாவது உடைப்பாள் என்று எதிர்பார்த்தேன். உடைத்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"தெரிஞ்சுதான் எடுத்தியா?" என்று கேட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு என்னிடம் அவள் கேட்ட முழுக் கேள்வி.

சத்தியமா தெரியாது என்றேன். தலையில் அடித்துச் சொன்னேன்.

"அப்ப சார்கிட்ட ஏன் ஆமான்னு சொன்ன?"

ஒன்று, இரண்டு, மூன்று என்று எனக்கு எப்போதும் காரணம் வரும். அன்றைக்கு ஒன்றுகூட வரவில்லை.

"நான் தெரிஞ்சுதான் எழுதினேன்" என்றாள். "தோட்டக்காரி நீதான்னு முதல் மெசேஜ்லயே தெரிஞ்சுபோச்சு. நம்பர் போட்டு, நன்றி போட்டு வேற யாரு எழுதுவா? பதில் போடவா வேணாமான்னு மூணு நாள் யோசிச்சேன்."

மடிமேல் போட்ட காலும், கால் மரத்துப் போயிருக்குமே என்று வந்த வரியும் எனக்கு அப்போதுதான் ஒன்றாகச் சேர்ந்தன. பின்னே ஏண்டி அம்மா செத்துட்டான்னு எழுதின என்று கேட்டேன். அழுகையோடுதான் கேட்டேன், ஆனால் அந்த அழுகையிலும் கொஞ்சம் கோபம் இருந்தது.

"அது மூணு வருஷம் முன்னாடி, பக்கம் ஆரம்பிச்சப்பவே எழுதினது. கெட்டில் போட்டதுகூட நீ தோட்டக்காரியா வர்றதுக்கு முன்னாடிதான். எட்டு வயசுல மேடையில நின்னு உன்னத்தான் பாத்தேன். நீ போனத்தான் பாத்துட்டு இருந்த. அன்னிக்கு செத்தவங்களத்தான் எழுதினேன்." "இந்த நாலு மாசமா, அந்த வரிய எடுத்துடலாமான்னு பாத்துட்டு இருந்தேன். வீடியோ பத்தி நீ நேர்ல சொன்னதும் எடுத்துடலாம்னு இருந்தேன்."

அவள் அப்பா பையைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. நான் சொல்ல வாயெடுத்தேன். மன்னிச்சுடும்மா என்று சொல்வதற்குள் அவள் ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினாள். அவளுடைய எல்லாக் கணக்குகளின் பாஸ்வேர்டுகளும் அதில் இருந்தன, அழகான கையெழுத்தில், நம்பர் போட்டு. போனையும் அதன்மேல் வைத்தாள். இனிமேல் எனக்கு எதுவும் வேண்டாம், நீயே பார்த்துக்கொள் என்றுவிட்டு எழுந்து போனாள். கதவைச் சாத்தவில்லை. திறந்தேதான் கிடந்தது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

திறந்த கதவில் நின்றுகொண்டு மன்னிப்பைச் சொன்னேன். அன்றும் சொன்னேன், மறுநாளும் சொன்னேன். சரி என்றாள். பரவாயில்லை என்றாள். மறுநாள் தலைமையாசிரியையிடம் போய், எனக்குத் தெரியாமல்தான் நடந்தது என்று உண்மையைச் சொல்லிவிட வேண்டுமென்று கிளம்பினேன். அவர் அறையில் எனக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்து காத்திருந்தது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டு மாதம் ஆகிறது. என் பாடத்தை ஆசிரியர் பயிற்சிக் கையேட்டில் சேர்த்திருக்கிறார்கள். 'பிரதிபலிப்பைக் கொண்டு உண்மை அறிதல்' என்று தலைப்பு, கெட்டில் படத்தோடு, என் பேரோடு. போன வாரம் யூனிட் டெஸ்ட் நடந்தது. மகளின் பேப்பரைத் திருத்தினேன். முகம் தெரியாதவரிடம் எதைப் பகிரக் கூடாது என்ற கேள்விக்கு, நான் வகுப்பில் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் எழுதியிருந்தாள். வகுப்பிலேயே அவளுக்குத்தான் முழு மதிப்பெண். அவள் கையெழுத்தில் எங்காவது ஒரு நசுங்கின பன்னாவது, ஒரு குடையாவது தட்டுப்படுமா என்று மூன்று தடவை படித்துப் பார்த்தேன். நான் சொல்லிக்கொடுத்தது மட்டும்தான் இருந்தது.

தினமும் சாயந்திரம் போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் போய் அவள் பக்கத்தில் உட்காருகிறேன். அவள் எழுந்து போவதில்லை. மரியாதையாகக் கொஞ்சம் தள்ளி இடம் விடுகிறாள். காலை மடக்கித் தனக்கடியில் வைத்துக்கொள்கிறாள். கேள்வி கேட்கக் கூடாது என்று அக்கா சொல்லியிருந்தாள். நேற்று என்னால் முடியவில்லை, ஒன்றே ஒன்று கேட்டுவிட்டேன். எதிரே அவள் அப்பா உட்கார்ந்து தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சாப்பிட்டியாம்மா?"

"சாப்ட்டேன் மிஸ். நீங்க சாப்பிடுங்க."

அவள் அப்பா நிமிர்ந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.